விட்டில் பூச்சிக்கு மூலப் பத்திரம் எழுதிய பிரபு

மாலையில் விளக்கு ஏற்றியதும் விட்டில் பூச்சி வந்து விழும். வீட்டில் உள்ளவர்கள் அதைத் துடைப்பத்தால் தள்ளி விடுவார்கள். அதற்குப் பெயர் உண்டா, ஊர் உண்டா என்று யாரும் கேட்பதில்லை.

கேட்ட ஒருவர் இருந்தார். அவர் சாதாரண ஆள் அல்ல. பெரிய கோடீசுவரரின் மூத்த மகன். அரசாங்கங்களுக்கே கடன் கொடுத்த குடும்பத்தில் பிறந்தவர். அப்படிப்பட்டவர் பாங்கிக் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, பூச்சிக் கணக்கு எழுதினார். அதற்காகத் தகப்பனாரின் கோபத்தைத் தேடிக்கொண்டார். பரம்பரைச் சொத்தையும் இழந்தார்.

அவர்தான் லயனல் வால்டர் ராத்சைல்டு பிரபு.

ஏழு வயதில்

வால்டர் 1868-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை நாதன் ராத்சைல்டு, பாங்கி முதலாளி. அவர்கள் யூதர்கள். 1885-ல் நாதனுக்குப் பிரபு பட்டம் கிடைத்தது. பிரபுக்கள் சபையில் இடம் பெற்ற முதல் யூதர் அவரே.

1875-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் சூயஸ் கால்வாய்ப் பங்குகளை வாங்க விரும்பியது. கையில் பணம் இல்லை. 40 லட்சம் பவுன் கடன் கொடுத்தது ராத்சைல்டு பாங்கி. கொடுத்தவர், வால்டரின் தாத்தா.

அப்போது வால்டருக்கு வயது 7. பெரியவர்கள் கோடிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சிறுவனின் எண்ணம் வேறு எங்கோ இருந்தது. ஒருநாள் பெற்றோரிடம் போய், தான் ஒரு மியூசியம் அமைக்கப் போவதாகச் சொன்னான். மைனால் என்பவர் அதைப் பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னான்!

ஆல்பிரட் மைனால் அந்த வீட்டுக்கு வந்துபோகும் தச்சர். இறந்த பறவை, பிராணிகளின் தோலை உரித்துப் பதப்படுத்தி, உயிர் உள்ளதுபோல நிறுத்தி வைக்கத் தெரிந்தவர். அவரிடம் சிறுவன் அந்த வேலையைக் கற்றுக்கொண்டான். தோட்டத்தில் இருந்த ஒரு கொட்டகைதான் முதல் மியூசியம்.

வால்டர் கூச்ச சுபாவம் உள்ளவன். பேச்சும் சரியாக வராது. சில சமயம் குரல் இடிபோல முழங்கும். சில சமயம் காதில் விழாதபடி அடங்கிப் போகும். அதனால் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. வீட்டிலேயே ஆசிரியர்கள் வந்து பாடம் சொன்னார்கள். மனிதர்களோடு பேசத் தயங்கிய பையன், பட்டாம்பூச்சியோடும் விட்டிலோடும் பொழுதைக் கழித்தான்.

பிறந்த நாள் பரிசு

வாலிபரானதும் ஜெர்மனியில் சில காலம் படித்தார். பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சென்றார். போகும்போது கிவிப் பறவைகளையும் கூட்டமாகக் கொண்டு போனார்.

1889-ல் வால்டருக்கு 21 வயது நிறைந்தது. தகப்பனார் ஒரு பரிசு கொடுத்தார். லண்டனுக்கு வெளியே, டிரிங் என்ற ஊரில் அவர்களுடைய மாளிகை இருந்தது. அதன் தோட்டத்து ஓரத்தில் மியூசியத்துக்கு ஒரு கட்டிடம் எழும்பியது. 1892-ல் பொதுமக்களுக்கும் கதவு திறந்தது.

பரிசு கொடுத்த தகப்பனார் ஒன்றை எதிர்பார்த்தார். மகன் பாங்கியில் உட்கார வேண்டும் என்பதுதான் அது. வால்டரும் மறுக்கவில்லை. பகலில் பாங்கிக்குப் போனார். 1899-ல் இருந்து 1910 வரை பார்லிமெண்ட் உறுப்பினராகவும் இருந்தார். ஆனால் மனம் எல்லாம் டிரிங்கில்தான்.

அவருடைய வேடிக்கைகளை லண்டன் முழுவதும் பேசியது. வரிக்குதிரைகளை வண்டியில் பூட்டி, பக்கிங்ஹாம் அரண்மனை வரை ஓட்டிக்கொண்டு போனார். வரிக்குதிரையையும் பழக்க முடியும் என்று காட்டுவதற்காக! ராட்சச ஆமையின் முதுகில் ஏறிச் சவாரி செய்தார். பணக்காரர் வீட்டுப் பிள்ளையின் விளையாட்டு என்று ஊர் சிரித்தது.

ஆனால் மியூசியத்தின் உள்ளே நடந்தது விளையாட்டு அல்ல.

இரண்டு ஜெர்மானியர்கள்

வால்டர் இரண்டு ஜெர்மானிய விஞ்ஞானிகளை வேலைக்கு அமர்த்தினார். பறவைகளுக்கு எர்ன்ஸ்ட் ஹார்ட்டர்ட். பூச்சிகளுக்குக் கார்ல் ஜோர்டன். ஜோர்டன் 1893-ல் வந்து சேர்ந்தார். மூவரும் சேர்ந்து 1894-ல் ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகை தொடங்கினார்கள்.

உலகின் காடுகளுக்கு ஆட்களை அனுப்பினார் வால்டர். காலப்போக்கில் அப்படிச் சேகரித்தவர்கள் 400 பேருக்கு மேல். நியூகினி, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா என்று பல திசைகளுக்கும் போனார்கள். சிலர் திரும்பவில்லை. வில்லியம் டோஹர்ட்டி என்ற அமெரிக்கர் ஆசியாவின் தீவுகளில் எல்லாம் பூச்சி பிடித்தவர். அவர் 1901-ல் ஆப்பிரிக்காவில், நைரோபியில் நோய் கண்டு இறந்தார்.

காட்டில் பிடித்த விட்டிலைச் சிறகு ஒடியாமல் மடித்த காகிதத்தில் வைத்து, பெட்டியில் அடுக்கிக் கப்பலில் அனுப்புவார்கள். டிரிங்குக்கு வந்து சேரும்போது அது காய்ந்து விறைத்துப் போயிருக்கும். ஈரப்பதத்தில் வைத்து அதை இளக வைப்பார்கள். பிறகு நெஞ்சில் மெல்லிய ஊசியைச் செருகி, பலகையில் சிறகை விரித்துக் காய வைப்பார்கள்.

கடைசியில்தான் முக்கியமான வேலை. அதே ஊசியில் ஒரு சிறு சீட்டைக் குத்துவார்கள். எந்த ஊரில் பிடித்தது, எந்தத் தேதியில், பிடித்தவர் யார் என்ற விவரங்கள் அதில் இருக்கும். சீட்டு இல்லாத விட்டில் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆராய்ச்சிக்கு உதவாது. அது விலாசம் இல்லாத கடிதம் மாதிரி.

மூலப் பத்திரம்

ஒரு நிலத்தைப் பற்றித் தகராறு வருகிறது. பங்காளிகள் ஆளுக்கு ஒரு பேச்சுப் பேசுகிறார்கள். ஊர்ப் பெரியவர் என்ன கேட்பார்? மூலப் பத்திரத்தை எடுத்து வா என்பார். அதில் எழுதியிருக்கும் எல்லைதான் எல்லை.

பூச்சி ஆராய்ச்சியிலும் இப்படித் தகராறு உண்டு. ஒரே விட்டிலுக்குப் பாரீசில் ஒருவர் ஒரு பெயர் வைப்பார். பெர்லினில் இன்னொருவர் வேறு பெயர் வைப்பார். இரண்டு வேறு விட்டில்களை ஒன்று என்று நினைத்து, ஒரே பெயரில் எழுதுவதும் உண்டு. எப்படித் தீர்ப்பது?

அதற்கும் ஒரு மூலப் பத்திரம் இருக்கிறது. புதிய இனத்துக்குப் பெயர் வைக்கும்போது, எந்தப் பூச்சியைக் கையில் வைத்துக்கொண்டு வர்ணனை எழுதினார்களோ, அந்தப் பூச்சியைத் தனியே பத்திரப்படுத்துவார்கள். விஞ்ஞானிகள் அதை ‘டைப்’ என்பார்கள். தமிழில் மூல மாதிரி எனலாம். லண்டன் மியூசியத்தில் அதன் ஊசியில் சிவப்பு விளிம்பு போட்ட வட்டச் சீட்டு இருக்கும். பின்னால் சந்தேகம் வந்தால், அந்த ஒரு பூச்சியோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூல மாதிரி அழகாக இருக்க வேண்டும் என்பது இல்லை. 1906-ல் நியூகினிக் காட்டில் ஆல்பர்ட் மீக் என்ற சேகரிப்பாளர், மரத்தின் உச்சியில் பறந்த மிகப் பெரிய பட்டாம்பூச்சியைக் கண்டார். வலை எட்டவில்லை. சிறிய ரவைகள் போட்ட துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். உலகத்திலேயே பெரிய பட்டாம்பூச்சி இனம் அதுதான். 1907-ல் வால்டர் அதற்கு இங்கிலாந்து ராணி அலெக்சாந்திராவின் பெயரை வைத்தார்.

பிறகு அதே இனத்தில் பழுதில்லாத பூச்சிகள் எத்தனையோ கிடைத்தன. ஆனாலும் சிறகில் ரவை துளைத்த அந்தப் பூச்சிதான் இன்றும் மூல மாதிரி. அதைத் தூக்கிப் போட்டு, நல்லதாக ஒன்றை வைக்க முடியாது. கிழிந்திருக்கிறது என்பதற்காக மூலப் பத்திரத்தை யாராவது வீசி எறிவார்களா?

ஒரே பூச்சி எதற்கு இத்தனை?

வால்டரின் பெட்டிகளைத் திறந்து பார்ப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒரே இனத்து விட்டில் வரிசை வரிசையாக இருக்கும். ஒன்று போதாதா என்று தோன்றும்.

போதாது என்றார்கள் வால்டரும் ஜோர்டனும். ஒரு கிராமத்தில் ஒருவரை மட்டும் பார்த்துவிட்டு, ஊரார் எல்லாரும் இதே உயரம் என்று சொல்ல முடியுமா? அதேபோல, ஓர் இனத்துக்குள் எவ்வளவு வேற்றுமை உண்டு என்று தெரிய, பல ஊர்களிலிருந்து பல பூச்சிகள் வேண்டும். அப்போதுதான் தீவில் இருப்பது சற்று வேறு, கரையில் இருப்பது சற்று வேறு என்பது புலப்படும். இப்படி இடத்தால் மாறுபட்டவற்றைக் கிளை இனம் என்று பிரித்து, மூன்று சொற்களில் பெயர் எழுதினார்கள். அந்த நாளில் பல விஞ்ஞானிகள் இதை ஏற்கவில்லை. டிரிங் மியூசியத்தார் விடாமல் செய்து, நிலைநாட்டினார்கள்.

அதன் பலன் ஒரு பெரிய புத்தகத்தில் தெரிந்தது.

டார்வின் சொன்ன விட்டில்

அந்தக் கதை வால்டர் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது.

1862-ல் விஞ்ஞானி சார்லஸ் டார்வினுக்கு மடகாஸ்கர் தீவின் ஆர்க்கிட் பூக்கள் வந்தன. நட்சத்திரம் போன்ற வெள்ளைப் பூ. அதன் பின்னால் வால்போல ஒரு குழல் தொங்கியது. டார்வின் அளந்தார். 11½ அங்குலம்! தேனோ குழலின் அடியில் 1½ அங்குலத்துக்கு மட்டுமே இருந்தது.

அவ்வளவு ஆழத்தில் உள்ள தேனை யார் குடிப்பது? யாராவது குடித்தால்தான் மகரந்தம் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குப் போகும். ஆகவே அந்த அளவுக்கு நீண்ட உறிஞ்சு குழல் உள்ள விட்டில் மடகாஸ்கரில் இருக்க வேண்டும் என்று டார்வின் எழுதினார். பூச்சி ஆராய்ச்சியாளர்கள் சிலர் அதைக் கேலி செய்தார்கள்.

ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற விஞ்ஞானி சிரிக்கவில்லை. லண்டன் மியூசியத்தில் இருந்த ஆப்பிரிக்க விட்டில் ஒன்றின் குழலை அளந்து பார்த்தார். 7½ அங்குலம் இருந்தது. அது ‘பருந்து விட்டில்’ குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தியில் வரும், பூவில் உட்காராமல், சிறகடித்து அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். மடகாஸ்கரிலும் இந்தக் குடும்பத்து விட்டில்தான் இருக்கும், நம்பிக்கையோடு தேடலாம் என்று 1867-ல் வாலஸ் எழுதினார்.

ஆண்டுகள் ஓடின. 1882-ல் டார்வின் காலமானார். விட்டிலுக்குப் பெயர் வரவில்லை.

இதற்குள் வால்டரும் ஜோர்டனும் உலகத்துப் பருந்து விட்டில்கள் முழுவதையும் எடுத்து, வரிசைப்படுத்த முனைந்தார்கள். தங்கள் பெட்டிகளில் இருந்ததோடு நிற்கவில்லை. மற்ற மியூசியங்களில் இருந்த மூல மாதிரிகளையும் பார்த்தார்கள். ஒரே பூச்சிக்கு வந்த இரண்டாவது, மூன்றாவது பெயர்களைத் தள்ளினார்கள். முதலில் வைத்த பெயரை நிறுத்தினார்கள். 1903-ல் புத்தகம் வெளிவந்தது.

அதில் மடகாஸ்கர் விட்டிலும் இருந்தது. வாலஸ் அளந்த ஆப்பிரிக்க இனத்தின் ஒரு கிளை இனம் என்று அதைப் பதிவு செய்தார்கள். ‘பிரெடிக்டா’ என்று பெயர் வைத்தார்கள். லத்தீன் மொழியில் அதற்கு, முன்கூட்டியே சொல்லப்பட்டது என்று பொருள். 41 ஆண்டுகள் காத்திருந்த விட்டிலுக்குப் பொருத்தமான பெயர்.

தந்தையின் கோபம்

விட்டில் கணக்கில் புலியாக இருந்த வால்டர், பணக் கணக்கில் குழந்தையாக இருந்தார். ஆட்களை அனுப்பினார். விலைக்கு வாங்கினார். புத்தகங்களுக்கு வண்ணப் படம் அச்சடித்தார். செலவு எவ்வளவு என்று பார்க்கவில்லை. கடன் ஏறியது.

1908-ல் விஷயம் வெளியே வந்தது. கடனை அடைத்தது குடும்பம். வால்டர் பாங்கியை விட்டு விலகினார். ராத்சைல்டு பாங்கியின் மூத்த வாரிசு பணத்தைச் சமாளிக்கத் தெரியாதவர் என்பதைத் தகப்பனாரால் பொறுக்க முடியவில்லை. 1915-ல் அவர் காலமானார். பிரபு பட்டம் வால்டருக்கு வந்தது. சொத்தின் பெரும் பகுதி தம்பி சார்லசுக்குப் போயிற்று.

தம்பியும் பூச்சி ஆராய்ச்சி செய்தவர்தான்! ஆனால் அவர் பாங்கி வேலையையும் ஒழுங்காகப் பார்த்தார்.

உலகம் வால்டரை மறந்துவிடவில்லை. 1911-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக எடுத்துக்கொண்டது. 1917-ல் பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைவதை ஆதரித்து, பிரிட்டிஷ் மந்திரி பால்பர் எழுதிய கடிதம் இவர் விலாசத்துக்குத்தான் வந்தது.

பறவைகள் போயின

வால்டர் கலியாணம் செய்துகொள்ளவில்லை. தாயாரோடு வசித்தார். அவர் வாழ்வில் ஒரு ரகசியம் இருந்தது. அவருடன் முன்பு பழகிய சீமாட்டி ஒருவர், விஷயத்தை வெளியிட்டு விடுவதாகப் பயமுறுத்திப் பல ஆண்டுகள் பணம் பறித்து வந்தார். தாயாருக்குத் தெரிந்துவிடுமோ என்று வால்டர் நடுங்கினார். கேட்ட பணத்தைக் கொடுத்தார். பிடிக்காத கடிதங்களைப் பிரிக்காமலே பிரம்புக் கூடைகளில் போட்டுப் பூட்டி வைத்தார். இந்த விஷயம், தம்பி மகள் மிரியம் 1983-ல் வெளியிட்ட புத்தகத்தால்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

கடைசியில் கொடுக்கப் பணம் இல்லை. விற்க ஒன்றுதான் இருந்தது. வாழ்நாள் எல்லாம் சேர்த்த பறவைகள்.

சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் பறவைகளை நியூயார்க் மியூசியத்துக்கு விற்றார். 1932-ல் அவை கப்பல் ஏறின. கிடைத்தது 2 லட்சத்து 25 ஆயிரம் டாலர். ஒரு பறவைக்கு ஒரு டாலர்கூட வரவில்லை. பறவைகளின் மூல மாதிரிகளும் அவற்றோடு போயின. வால்டர் மனம் உடைந்தார். அவை நியூயார்க்கில் பத்திரமாக இருக்கின்றன என்பது ஒன்றுதான் ஆறுதல்.

விட்டில்களை மட்டும் அவர் விற்கவில்லை.

உயில்

1935-ல் தாயார் இறந்தார். 1937-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி வால்டர் கண்ணை மூடினார். வயது 69.

உயிலைப் பிரித்தார்கள். மியூசியத்தையும் அதில் இருந்த சேகரத்தையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு எழுதி வைத்திருந்தார். பட்டாம்பூச்சியும் விட்டிலும் மட்டும் சுமார் 22½ லட்சம். அவரும் அவருடைய விஞ்ஞானிகளும் பெயர் வைத்த புதிய இனங்கள் சுமார் 5,000. ஜோர்டன் அதன் பிறகும் நீண்ட காலம் வாழ்ந்து, 1959-ல் காலமானார்.

அந்த அளவுக்கு உயிர்களைக் கொன்று குவிப்பதை இந்தக் காலத்தில் யாரும் ஒப்ப மாட்டார்கள். அலெக்சாந்திரா பட்டாம்பூச்சி இன்று அருகிவிட்டது. அதை நாடு விட்டு நாடு விற்பதற்குச் சர்வதேசத் தடை உண்டு. ஆனால் ஓர் இனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால், எது அந்த இனம் என்று முதலில் திட்டமாகத் தெரிய வேண்டும். அதைச் சொல்வது மியூசியத்தில் ஊசியில் நிற்கும் மூல மாதிரிதான்.

மடகாஸ்கர் விட்டிலின் கதையும் 1903-ல் முடியவில்லை. பெயர் வந்ததே தவிர, அது அந்தப் பூவில் தேன் குடிப்பதை யாரும் கண்டதில்லை. 1992-ல்தான் கண்டார்கள். டார்வின் எழுதி 130 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதற்கும் பிறகு விஞ்ஞானிகள் ஆப்பிரிக்க விட்டிலையும் மடகாஸ்கர் விட்டிலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். உடல் அமைப்பைப் பார்த்தார்கள். மரபணுவையும் சோதித்தார்கள். ஒரு மடகாஸ்கர் விட்டிலின் குழலை நீட்டி அளந்தால் 28½ சென்டிமீட்டர், அதாவது 11 அங்குலத்துக்கும் மேல் இருந்தது. இது கிளை இனம் அல்ல, தனி இனமே என்று 2021-ல் தீர்ப்பு எழுதினார்கள்.

தனி இனம் என்றால் தனிப் பெயர் வேண்டுமே? புதிதாக எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. வால்டரும் ஜோர்டனும் வைத்த ‘பிரெடிக்டா’ என்ற பெயரே நின்றது. முதலில் வைத்த பெயருக்குத்தான் உரிமை என்பது சட்டம். 118 ஆண்டுகளுக்கு முன் டிரிங் மியூசியத்தார் எழுதிய பத்திரம் செல்லுபடி ஆயிற்று.

பாங்கிக்கு உதவாத பிள்ளை என்று தகப்பனார் ஒதுக்கி வைத்தார். அந்தப் பிள்ளை எழுதிய பூச்சிக் கணக்கை, உலகத்து விஞ்ஞானிகள் இன்றும் புரட்டிப் பார்க்கிறார்கள்.